வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

என் மகள் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறாள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் உள்ள கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அவள் படிப்பைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஆனால் அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பார்த்த படத்தை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தில் என் வீட்டுக்காரருடைய மூன்று வருஷ ரத்தச் சர்க்கரை இருந்தது. நான் சொன்ன பொய்யும் இருந்தது.

அவர் மில்லில் ஃபிட்டர். மகள் எம்.எஸ்சி. சேர்ந்த வருஷம் ஆவணியில், மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சடைப்பு என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி ஆகும் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது பேச்சு என் காதில் விழுந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கியதில்லை.

சர்க்கரை வந்தது தெரிந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சோதித்து எழுதி வரச் சொன்னார். நான் ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். தேதி, அளவு, என்ன ஷிஃப்ட், என்ன மாத்திரை. விரலை நீட்டிவிட்டு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு ஒரு துளி ரத்தம் பார்க்க முடியாது.

"ஏட்டி, என்னக் குத்துறதுல ஒனக்கு எம்புட்டு சந்தோசம். கல்யாணம் ஆன நாள்லருந்து காத்துக்கெடந்தியாக்கும்."

"ஆமா, வாயில குத்த ஊசி இல்லையேன்னுதான் வெரல்ல குத்துதேன். காட்டுங்க."

எத்தனை வந்தது என்று அவர் கேட்டதே இல்லை. நோட்டு என் இலாகா. அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் நடந்தது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவில் தாயாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பூஜை. புரட்டாசி என்றால் சனிக்கிழமையும் உண்டு. மார்கழி என்றால் முப்பது நாளும். என் மாமியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். பூஜை முடிகிறவரை வீட்டில் ரத்தம் படக் கூடாது. காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டாலே மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் விளக்கேற்றுவோம். அப்படியிருக்க, நைவேத்தியத்துக்கு முன்னால் ஊசி எடுத்துக் குத்த எனக்கு மனம் வருமா? பூஜை முடியட்டும் என்பேன். பூஜை முடிந்தால் பிரசாதத்தைக் காக்க வைக்கக் கூடாது. அவர் கை நிறைய வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம்தான் விரலைக் குத்துவேன்.

முதல் வெள்ளிக்கிழமை மிஷினில் இருநூற்று எழுபதுக்கு மேல் காட்டியது. பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. இது அவர் சர்க்கரை இல்லை, பிரசாதத்தின் சர்க்கரை. இதை எழுதினால் டாக்டர் கேட்பார். தாயாருக்குப் படைத்ததைச் சாப்பிட்டதால் ஏறியது என்று நான் வாயால் சொல்ல வேண்டும். படைத்தது கெடுதல் செய்தது என்று அவள் பேரில் நானே குற்றம் எழுதுவதா? நூற்று இருபத்திரண்டு என்று எழுதினேன். அவருக்கு மற்ற நாளில் நூற்று நாற்பது, நூற்று அறுபது என்று வரும். நூற்று இருபத்திரண்டு நல்ல அளவு. வெள்ளிக்கிழமைக்கு நல்ல அளவாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அடுத்த வாரம் குறைந்தது. மூன்றாவது வாரம் இல்லை.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் நான் வீட்டில் இல்லை. மம்சாபுரத்தில் என் அக்கா வீட்டுக் கல்யாணம். முதல் நாளே போய்விட்டேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பூஜையை விட மனசில்லாமல், அவரே குளித்து விளக்கேற்றி, தனக்குத் தெரிந்த மாதிரி அரிசியும் வெல்லமும் போட்டுக் கிண்டி, படைத்து, சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தன் விரலைத் தானே குத்தி, நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். 286. ஸ்பேனர் பிடிக்கிற கையின் பெரிய பெரிய எழுத்து. கல்யாணம் முடிந்து வந்து பார்த்தேன். அதை அடித்து மாற்ற முடியவில்லை. அவர் எழுதியதாயிற்றே.

அந்த மாதம் டாக்டர் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"இது என்னம்மா?"

"மிஷின் கோளாறா இருக்கும்ங்கய்யா."

"மூணு மாசச் சராசரி ரத்தத்துல கூட இருக்கு. நோட்டு நல்லா இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகலையே. இனிப்பு எதுவும் சாப்பிடுதாரா?"

"இல்லைங்கய்யா."

நான் மனசறிந்து பொய் சொல்லவில்லை என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரசாதம் எனக்கு இனிப்பில் சேர்த்தி இல்லை. டாக்டர், மத்தியானச் சாப்பாட்டால் ஏறுகிறதோ என்னவோ என்று மத்தியான மாத்திரையைக் கூட்டினார். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டார்.

"ஏட்டி, நான் ரெண்டு தடவ பாத்துத்தான எழுதுனேன். மிஷின் கோளாறுன்னு சொல்லுத?"

"சும்மா வாங்க. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

"சரிதான். மில்லுல எதுக்கெடுத்தாலும் மிஷின் கோளாறுன்னு நாங்க சொல்றத நீ இங்க சொல்லுத" என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார்.

அந்த மூன்று வருஷமும் மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படித்தாள். வீட்டில் நடப்பது அவளுக்கு லீவு நாட்களில் பார்த்ததுதான். எம்.எஸ்சி.யில் கடைசியாக ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் கணக்கை எடுத்துச் செய்வதைவிட அப்பா நோட்டை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். தை பிறந்து சில வாரம் ஆகியிருந்தது. பீரோவிலிருந்து நோட்டை எடுத்தபோது அதற்குள் விபூதி மடித்த காகிதம் இருந்தது. அவள் அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நோட்டைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன காரணம் சொல்வது?

நான் வாசித்தேன், அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். நாலு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்தோம். நான் எழுதிய பொய்யை நானே சத்தம் போட்டு வாசித்தேன். நூற்று இருபத்திரண்டு. நூற்றுப் பத்தொன்பது. நூற்று இருபத்து நாலு. கதவோரம் வந்து நின்ற எதிர்வீட்டு ராஜூ வீட்டம்மா, "என்னம்மா, ரெண்டு பேரும் சகஸ்ரநாமம் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடித்து முடித்த அன்று மத்தியானம் அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"இங்க பாரும்மா. இந்த சாஃப்ட்வேர்கிட்ட அப்பாவோட அளவு, ஷிஃப்ட்டு, மாத்திர, முந்துன நாள் அளவு எல்லாம் குடுத்திருக்கேன். அது ஒரு கோடு போட்டுருக்கு. நாளைக்கி இம்புட்டு வரும்னு அது ஒரு ஊகம் சொல்லும். அதான் மாடல்."

"ஜோசியம் மாதிரியா?"

"ஜோசியக்காரன் தப்பாச் சொன்னா ஒத்துக்குவானா? இது தான் எங்க தப்பினேன்னு தானே காட்டிக்குடுக்கும். அதுதான் இப்பப் பாக்கப் போறோம்."

ஏதோ தட்டினாள். திரையில் நாலு கட்டம் வந்தது. ஒவ்வொன்றிலும் கடுகு சிந்தியது மாதிரி புள்ளி. முதல் கட்டத்தைப் பெரிதாக்கினாள்.

"நடுவுல இந்தக் கோடு இருக்கில்ல, அதுதான் பூஜ்யம். மாடல் சொன்னதும் நெசமா வந்ததும் ஒண்ணா இருந்தா புள்ளி கோட்டு மேல நிக்கும். கூட வந்தா மேல, கொறஞ்சா கீழ. அந்த மிச்சத்துக்குப் பேரு ரெசிடுவல். இந்த மிச்சம் எல்லாம் மேலயும் கீழயும் இஷ்டத்துக்குச் செதறிக் கெடக்கணும். அப்படிக் கெடந்தா மாடல் நல்ல மாடல்."

"செதறித்தானே கெடக்கு?"

"பாதிதான். கீழ பாரு."

கோட்டுக்குக் கீழே புள்ளிகள் ஒரு பட்டையாகப் படிந்திருந்தன. எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கமாக. மற்றவை எல்லாம் வாசலில் தெளித்த தண்ணீர் போல் இருக்க, அவை மட்டும் யாரோ கையால் வரிசை போட்ட மாதிரி இருந்தன.

"இப்படி ஒரு உருவம் தெரிஞ்சா, டேட்டாவுக்குள்ள மாடலுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்மா."

"மிஷினா இருக்கும்" என்றேன். அந்த வார்த்தை அத்தனை சுலபமாக வந்தது.

"மிஷின்னா எல்லா நாளும்ல தப்பாக் காட்டும்? கிழமவாரியா கலர் போட்டுப் பாக்குதேன், இரு."

புள்ளிகளுக்கு நிறம் ஏறியது. வெள்ளிக்கிழமைக்குப் பச்சை கொடுத்திருந்தாள். கீழ்ப் பட்டையில் பாதி பச்சை. மற்ற பாதியைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒன்றாக மூன்று பள்ளம் தெரிந்தது.

"டிசம்பர் நடுவுல எறங்குது, ஜனவரி நடுவுல ஏறுது. மூணு வருஷமும் ஒரே மாதிரி. அது என்னம்மா அந்த மாசம்..." என்று விரல் விட்டவள் நிமிர்ந்தாள். "மார்கழி!"

கம்ப்யூட்டருக்குப் பஞ்சாங்கம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மார்கழியை அது தானாகக் கண்டுபிடித்திருந்தது.

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, பூஜை செஞ்ச நாளெல்லாம் அப்பாவுக்குச் சர்க்கர கொறஞ்சிருக்கும்மா! வெள்ளிக்கெழம, மார்கழி, அங்கங்க புரட்டாசிச் சனி. சாமிகிட்ட ஒக்காந்தா மனசு அமைதியாகிக் கொறையுதோ என்னமோ. நீ பூஜ பூஜன்னு கெடந்தப்ப நான் எம்புட்டுக் கேலி பண்ணிருக்கேன். பூஜ நாளுன்னு ஒரு காரணத்த மாடல்ல சேத்துட்டா, பாரு, எம்புட்டு அழகா ஒக்காருதுன்னு. எங்க சாரே அசந்துருவாரு."

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தாயார் பேரைக் காப்பாற்ற நான் எழுதியது, இன்றைக்கு அவள் மகிமைக்குச் சாட்சியாகி நிற்கிறது. என் மகள் கையாலேயே. மார்கழிக் குளிரில் நான் கிண்டிய பொங்கல் எல்லாம் அவரைக் காத்தது என்று ஒரு சாஃப்ட்வேர் சொல்கிறது. அப்படியே விட்டுவிட்டால் என்ன? அவர் திரும்பி வந்து சொல்லப் போகிறாரா?

அவள் மறுபடி ஏதோ தட்டினாள். புதுக் கட்டம் வந்தது. எல்லாம் அடங்கி ஒழுங்காக இருக்க, உயரத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி தன்னந்தனியாக நின்றது.

"ச்சே. இது ஒண்ணு கெடுக்குது. இது ஒத்தப் புள்ளியா நின்னுக்கிட்டு கோட்டையே தன் பக்கம் இழுக்குதும்மா." நோட்டைப் புரட்டினாள். "286. அப்பா எழுத்து. டாக்டர் வட்டம் போட்டிருக்காரு. அப்பா தப்பாப் பாத்து எழுதிட்டாங்க போல. இத எடுத்துருதேன்."

"எடுக்காத."

"ஏன்? இது ஒண்ணுதாம்மா தப்பு. மத்த வெள்ளிக்கெழம எல்லாம் நூத்தி இருபதுல இருக்கு. அப்பாவுக்கு அந்த மிஷினப் பிடிக்கவே தெரியாது, நீதான சொல்லுவ."

"ரெண்டு தடவ பாத்துத்தான் எழுதுனாக. அது ஒண்ணுதாண்டி சரி. மத்த வெள்ளிக்கெழம எல்லாம் நான் எழுதுனது."

அவளுக்கு விளங்கவில்லை. "எல்லா நாளும் நீதான எழுதுன?"

"மத்த நாளு மிஷின்ல வந்தத எழுதுனேன். பூஜ நாள்ல, வந்தத எழுதல."

பூஜைக்கு முன்னால் ரத்தம் எடுக்காதது, பிரசாதம், டாக்டர் கேட்டது, நான் சொன்னது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தே இருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"மார்கழி முப்பது நாளும் காலையில அப்பா சக்கரப் பொங்கல் சாப்ட்டாங்களா?"

"ஒரு கை. சில நாளு ரெண்டு கை."

"டாக்டருக்குத் தெரியாது."

"தெரியாது."

"அப்பாவுக்கு? நீ மாத்தி எழுதுறது அப்பாவுக்குத் தெரியுமா?"

"நோட்டத் தொறந்து பாத்ததில்ல. அந்த ஒரு நாளு தவிர."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவர் உடம்பு உள்ளது உள்ளபடி பேசிய ஒரே நாள் அது. அதைத்தான் தப்பென்று எடுக்கப் பார்த்தோம்.

அடுத்த வாரம் முழுக்க அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. டிபன் டப்பா எங்கே, கேஸ் வந்ததா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் என் முன்னால் வைத்தாள்.

"நீ மாத்தின நாள் எல்லாத்தையும் கோடு போட்டுக் குடு. ஒண்ணு விடாம. தெரியாத நாளுன்னா தெரியலன்னு போடு. அதுக்கு ஒரு நல்ல எண் எழுதிராத."

கடைசி வார்த்தை சுருக்கென்றது. சொல்ல வேண்டியவள்தான்.

பழைய பஞ்சாங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு நாள் நாளாகப் பார்த்தேன். என் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வந்ததை எழுதிய நாளில் எழுத்து அவசரமாக இருக்கும். மாற்றி எழுதிய நாளில் அழகாக இருக்கும். சாமி முன்னால் போடுகிற கோலம் மாதிரி நிதானமாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொன்று நினைவு வந்தது. முந்திரி தீர்ந்துபோய் வேர்க்கடலை போட்ட நாள். "இன்னிக்கித் தாயாருக்குக் கடலமிட்டாயா?" என்று அவர் கேட்ட நாள். காய்ச்சலோடு குளித்து வந்து நின்ற நாள். எல்லாவற்றின் மேலும் கோடு போட்டேன். நோட்டு பக்கத்துக்குப் பக்கம் சிவந்துபோனது.

அவள் அந்த நாட்களைக் காலியாக விட்டு, மறுபடி மாடலை ஓட்டினாள். 286-ஐ எடுக்கவில்லை. அது பிரசாதத்துக்கு அப்புறம் எடுத்த அளவு என்று அதற்கு மட்டும் தனிக் குறிப்பு வைத்தாள். நாலு கட்டம் வந்தது. புள்ளிகள் மேலும் கீழுமாக, யாரும் அடுக்காமல், அதன் அதன் இடத்தில் கிடந்தன.

"இப்பச் சரியா இருக்கு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ப்ராஜெக்ட் புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். சில நாட்களின் அளவுகள் பதிவு செய்தவரால் மாற்றப்பட்டவை, ஆகவே சேர்க்கப்படவில்லை. அவ்வளவுதான்.

"பதிவு செய்தவர்னு ஏன்? அவர் மனைவின்னு போடு."

"அப்படியெல்லாம் போட மாட்டாங்கம்மா."

புத்தகத்தைக் கொடுக்கிற அன்றைக்கு நானும் அவளோடு போனேன். கல்லூரி வாசலில் காத்திருந்து, அவள் வந்த பிறகு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலுக்குப் போனோம். கூட்டம் இல்லை. தாயார் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், ஆனால் எதற்கென்று கேட்பது? அவள் பேருக்குப் பழி வரக் கூடாது என்றுதான் எழுதினேன். என் காவலை அவள் எப்போது கேட்டாள்? நான் படைத்ததை அவள் கண்ணால் மட்டும்தான் உண்டாள். வாயால் உண்டவர் அவர். இது புரிவதற்கு எனக்கு ஒரு ஆள் போக வேண்டியிருந்தது. கையைக் கூப்பினபடியே நின்றேன். ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். வெகுநாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நான் நெசத்த எழுதியிருந்தா அப்பா இருப்பாகளா? ஒன் மாடல்ல அதுக்கு ஏதும் வழி இருக்கா?"

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. ஒரே ஒரு ஆளோட நோட்டு. அதுல நடக்காததப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒனக்கு என்ன தோணுது?"

அவள் வெளியே பார்த்தாள். கண்டக்டர் வந்தார். இரண்டு ராஜபாளையம் என்று அவளே சொல்லி டிக்கெட் வாங்கினாள். பிறகு தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுத்தேன். எனக்குத் துடைக்கிற உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.